பிலோமினாவுக்குப் பின்னால் வந்த கடல்

கடலே இல்லாத ஓரிடத்தில் ஒரு தடவையாவது படுத்தெழும்ப வேண்டும் என்று பிலோமினா முடிவெடுத்தாள். அவள் ஒன்றை முடிவெடுத்துவிட்டால் அதன் பிறகு அந்த வீட்டில் வாதம் இருக்காது, சாமான் கட்டுகிற வேலைதான் இருக்கும் என்பதால், அவளுடைய கணவன் சவிரிமுத்து கராஜுக்குள் போய், வெயிலுக்கும் மழைக்கும் மேலே கட்டுகிற தறப்பாளைத் தேடத் தொடங்கினான். மகள் ஜொவிற்றா அவுஸ்திரேலியாவின் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, எந்தக் கரையிலிருந்து அளந்தாலும் கடலுக்கு ஆகத் தூரமான புள்ளி எதுவென்று தேடி, நாட்டின் நட்டநடுவில், செம்மண் பாலைவனத்துக்குள், பேர்கூட எழுதப்படாத ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இதுதான் அம்மா. இதுக்கு அங்காலை போனால் திரும்பவும் கடல் கிட்டவாகுது."

"அங்கை போவம்," என்றாள் பிலோமினா.

அவள் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். சவிரிமுத்தும் அந்தக் கரைதான், வலை இழுத்த கை. வயிற்றில் ஜொவிற்றாவைச் சுமந்துகொண்டு, ஆட்கள் நெருக்கியடித்த ஒரு மீன்பிடிப் படகில் அவர்கள் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து பிலோமினாவின் இரண்டு காதுகளிலும் அலைச்சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும்போது கேட்டது, பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போது கேட்டது, தலையணையில் காதை வைத்தால் இன்னும் கிட்டத்தில் கேட்டது. மருத்துவர்கள் காதுக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவள் துண்டு துண்டாகத்தான் நித்திரை கொண்டாள். அடிலெயிட்டில் வீடு பார்த்தபோதும் கடற்கரைப் பக்கம் வேண்டாம் என்று மலையடிவாரத்தில் எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் நீச்சல் பழக்கக் கூட்டிப் போனபோது ஜொவிற்றாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி மறித்துவிட்டாள். மீன் சமைப்பதையும் விட்டுவிட்டாள். ஏன் என்று சவிரிமுத்துவுக்குத் தெரியும், அவன் கேட்பதில்லை. ஜொவிற்றாவுக்குத் தெரியாது, அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பழைய வான் வண்டியில் அரிசி மூட்டையையும் பருப்பையும் காஸ் அடுப்பையும் தண்ணீர்க் கலன்களையும் ஏற்றி, தேவாலயத்தில் தெரிந்த ஒருவரிடம் இரவல் வாங்கிய ட்ரெயிலரைப் பின்னால் கொழுவிக்கொண்டு வடக்கே புறப்பட்டார்கள். கோதுமை வயல்கள் முடிந்தன, வேலிகள் முடிந்தன, மரங்கள் குட்டையாகிப் பற்றைகளாகி அவையும் முடிந்தன. முதல் நாள் பின்னேரம், வானமும் சிவந்த நிலமும் தவிர எதுவுமில்லாத ஓரிடத்தில் கூடாரம் அடித்தார்கள். பிலோமினா கைகளை இடுப்பில் வைத்து நான்கு திசையும் பார்த்துவிட்டு, "இனி வரட்டும் பாப்பம்," என்றாள்.

காலையில் அவள் எழுந்து வெளியே வந்தபோது கூடாரத்துக்குப் பின்னால் கடல் வந்திருந்தது.

பெரிய கடல் இல்லை. ஒரு தேவாலய முற்றத்தின் அகலம் இருக்கும். ஆனால் கடலுக்கு இருக்கவேண்டியதெல்லாம் அதற்கு இருந்தது. சின்ன அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து செம்மண்ணில் விழுந்து நுரையை விட்டுவிட்டுப் போயின, உப்பு வாசம் அடித்தது, ஈர மண்ணில் நண்டு ஓடியது, எங்கிருந்தோ வந்த கடற்காகம் ஒன்று தண்ணீர்க் கலனின் மேலே குந்தியிருந்தது. சவிரிமுத்து காற்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துக்கொண்டு, பல்லைத் தீட்டியபடி கணுக்கால் தண்ணீரில் நின்றான்.

"பிலோ, கோவிக்காதை," என்றான். "கடல் வந்திருக்கு."

"ஆரைக் கேட்டு?"

அவன் வாயைக் கொப்பளித்தான்.

"ஏறுங்கோ ரெண்டு பேரும் வானுக்குள்ளை," என்றாள் பிலோமினா. தேநீர்கூடப் போடாமல் கூடாரத்தைப் பிடுங்கி, சுருட்டி, கட்டி, ஒரு தடவையும் திரும்பிப் பார்க்காமல் முன்னிருக்கையில் ஏறி இருந்தாள். அவர்கள் நெடுஞ்சாலைக்கு வந்து கொஞ்சத் தூரம் போனதும் ஜொவிற்றா பின்கண்ணாடியால் பார்த்தாள். கடல் வந்துகொண்டிருந்தது, அவசரமில்லாமல், தெருவின் இடப்பக்கத்தைப் பிடித்தபடி, எதிரே வந்த பாரவண்டிகளுக்கு வழி விட்டபடி.

அடுத்த நாளும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. பிலோமினா பெருந்தெருவை விட்டு மண் பாதையில் திருப்பச் சொன்னாள், கடலும் திரும்பியது. மேடான இடத்தில் கூடாரம் அடிக்கச் சொன்னாள், காலையில் கடல் மேட்டில் ஏறி இருந்தது. பென்சன் எடுத்தபின் கரவன் என்கிற வீட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிற வெள்ளைக்காரக் கிழவர்கள் நிறையப்பேர் அந்தப் பாதையில் போவார்கள். அவர்கள் கடலைக் கண்டதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, மடக்குக் கதிரைகளை எடுத்து வந்து கரையில் போட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்தார்கள். ஒரு கிழவி வந்து, இது எந்தப் பக்கத்துக் கடல், தெற்குக் கடலா மேற்குக் கடலா என்று மரியாதையாக விசாரித்தாள். "எனக்குத் தெரியாது, என்னுடையது இல்லை," என்றாள் பிலோமினா. கிழவி நம்பவில்லை. சவிரிமுத்து தூண்டில் கயிறு ஒன்றைக் கட்டி எறிந்து பாரை மீன் பிடித்து அந்தக் கிழவர்களுக்கே கொடுத்தான், ஏனென்றால் அவனுடைய அடுப்பில் மீன் ஏறாது.

உப்புத்தான் வானைத் தின்றது. நடுப்பகலில், முன்சில்லு ஒன்று கிறீச்சிட்டுப் புகைந்து இறுகி நின்றுபோக, டாக்கர்ஸ் வெல் என்ற குடியிருப்புக்கு அவர்களை மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் இழுத்து வந்து சேர்த்தார். பெற்றோல் அடித்து, சாப்பாடு போட்டு, தங்க அறையும் கொடுக்கிற ஒரு கடை, அதற்குப் பின்னால் ஒரு சின்ன மருத்துவ நிலையம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தெரு வீடுகள், எல்லாவற்றுக்கும் நடுவில் நிலத்தடி நீரை இறைக்கிற ஒரு குழாய்க் கிணறும் தொட்டியும். ஊர் அவ்வளவுதான். கடை டொறீன் என்ற அகன்ற தோள்கள் கொண்ட பெண்ணுடையது. சில்லுக்கு வேண்டிய சாமான் அடுத்த பாரவண்டியில் தெற்கிலிருந்து வரும், அதுவரை பின்வளவில் கூடாரம் அடியுங்கள் என்று சொல்லிக்கொண்டே அவள் யன்னலால் பார்த்தாள்.

"அது உங்களோடு வந்ததா?"

"பின்னால் வந்தது," என்றாள் பிலோமினா.

"அப்படியென்றால் டீசல் தாங்கிகளுக்குக் கிட்ட வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்," என்று சொல்லிவிட்டு டொறீன் முட்டை பொரிக்கப் போனாள்.

டாக்கர்ஸ் வெல் அந்தக் கடலை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைப் பின்னாட்களில், கேட்கிற எல்லோருக்கும் ஜொவிற்றா சொல்லுவாள். பிள்ளைகள் முதலில் போனார்கள். அவர்களில் அநேகம் பேர் கடலைக் கண்டதே இல்லை, தண்ணீரை நக்கிப் பார்த்துத் துப்பினார்கள், சிரித்தார்கள், திரும்பவும் நக்கினார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியை கணித பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் கரையில் இருத்தி அலையை எண்ணச் சொன்னாள். டொறீன் கடைப் பலகையில் அன்றைய சூப்பின் பெயருக்குக் கீழே கடல் ஏறுகிற நேரத்தையும் வடிகிற நேரத்தையும் எழுதிப் போட்டாள். அந்தப் பகுதிக்கெல்லாம் ஒரே பொலிஸ்காரராக இருந்தவர் வந்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து, எந்தச் சட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல், இரண்டு சிவப்பு மஞ்சள் கொடிகளை நட்டு, நீந்துகிறவர்கள் அவற்றுக்கு இடையில்தான் நீந்த வேண்டும் என்று அறிவித்துவிட்டுப் போனார். கூழைக்கடாப் பறவைகள் வந்தன. மாடுகள் கரையோரத்தில் உப்பை நக்கி நின்றன. கடைக்குப் பின்னால் புழுதி மூடிக் கிடந்த அலுமினியப் படகு ஒன்றை யாரோ வெளியே இழுத்தார்கள், இந்தப் பாலைவனத்துக்கு அதை யார் எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சவிரிமுத்து அதில் ஏறி நின்று வலை எறிந்து காட்ட, தெருவே கை தட்டியது. அவன் அப்படிச் சிரித்து மகள் கண்டதில்லை.

பிலோமினா மட்டும் கூடாரத்தின் வாசலை மற்றப் பக்கம் திருப்பிக் கட்டி, கடலுக்கு முதுகைக் காட்டியபடி இருந்து பருப்பு அரித்தாள். ஊரார் அவளைக் கண்டால் தலையசைத்து, கடலைப் பற்றி ஒன்றும் கேட்காமல், வெயிலைப் பற்றி இரண்டு சொல் பேசிவிட்டு நகர்ந்தார்கள்.

பிறகு தொட்டித் தண்ணீர் கரித்தது.

மருத்துவ நிலையத்தை நடத்துகிற தாதியான ஆர்லீன்தான் முதலில் கண்டுபிடித்தாள். அவள் அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண், மெலிந்தவள், சுருக்கமாகப் பேசுகிறவள். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தாள், மறுநாளும் சோதித்தாள், பிறகு போத்தலைக் கையில் பிடித்தபடி கடைக்குள் வந்து எல்லோரும் கேட்கச் சொன்னாள்: "கடல் கிணற்றுக்குள் இறங்குகிறது. இப்படியே நின்றால் இந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் இருக்காது."

கடைக்குள் சண்டை வந்தது. பாரவண்டியில் தண்ணீர் கொண்டுவரலாம், கடல் நிற்கட்டும் என்றார்கள் சிலர். உனக்கென்ன, என்னுடைய மாடுகள் செத்துப்போகும் என்றார் பண்ணைக்காரர். ஆசிரியை அழுதாள். வானைத் திருத்தி அனுப்பினால் கடலும் போய்விடும் என்றார் ஒருவர், சாமான் இன்னும் வந்து சேரவில்லை என்றாள் டொறீன். அப்போது கதவருகில் நின்ற ஜொவிற்றா தாயின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அது வானுக்குப் பின்னாலை வரேல்லை."

"என்ன சொல்லுறாய்?"

"நீங்கள் குளிக்கப் போகேக்கை அது அந்தப் பக்கம் வருது. ஆர்லீனிட்டைப் போகேக்கை அங்கை வருது. நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். அது உங்களுக்குப் பின்னாலை வருது."

பிலோமினா யன்னலால் பார்த்தாள். அந்த முதல் காலைக்குப் பிறகு அவள் கடலை நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது கடையின் பின்சுவரோடு ஒட்டி வந்து, அவள் நிற்கிற இடத்துக்கு நேரே, வாலைச் சுருட்டிப் படுத்த நாய் மாதிரி அலையை அடக்கிக் கிடந்தது.

"இஞ்சை கிட்டடியிலை பள்ளமான நிலம் இருக்கோ எண்டு கேள்," என்றாள் மகளிடம், தனக்கே அந்த ஆங்கிலம் தெரியும் என்பதை மறந்து. பிறகு தானே ஆர்லீனிடம் திரும்பினாள். "கிணறு இல்லாத இடம். ஆட்கள் இல்லாத இடம்."

"உப்பு ஏரி இருக்கிறது," என்றாள் ஆர்லீன். "மேற்கே, ஒரு நாள் நடை. தண்ணீர் கண்டு நெடுங்காலம். ஆனால் அது எங்கள் இடம், நான் என் பெரியம்மாமாரைக் கேட்க வேண்டும்." அவள் வெளியே போய்த் தொலைபேசியில் நெடுநேரம் தன் மொழியில் கதைத்துவிட்டு வந்தாள். "வரலாம் என்கிறார்கள். ஆனால் வழியில் ஒரு வரிசை மரங்கள் இருக்கின்றன. அவற்றின் வேரில் உப்புப் படக்கூடாது. வடக்கால் சுற்றி வரவேண்டும்."

"சுற்றி வாறன்," என்றாள் பிலோமினா.

சவிரிமுத்து அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனான். "பிலோ, வெயிலைப் பாத்தியே? உனக்கு ஏலாது. ஆரின்ரையும் வாகனத்திலை மெல்லமாப் போவம்."

"ஓடி ஓடித்தானே இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தனான். இனி நடக்கிறன். நீங்கள் தண்ணியைக் கொண்டு வாங்கோ."

விடிந்ததும் அவள் புறப்பட்டாள். டொறீனுடைய அகலத் தொப்பியைத் தலையில் வைத்து, சேலைத் துண்டொன்றைக் கழுத்தில் சுற்றி, மகளின் ஓட்டச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, செம்மண்ணில் மேற்கு நோக்கி அவள் நடக்க, அவளுக்குப் பின்னால் கடல் எழுந்து வந்தது, கடலுக்குப் பின்னால் டாக்கர்ஸ் வெல் முழுவதும் வந்தது, பண்ணைக்காரர் தண்ணீர்த் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தார், பொலிஸ்காரர் இரண்டு கொடிகளையும் பிடுங்கிக்கொண்டு வந்தார், பிள்ளைகள் அலுமினியப் படகில் ஏறியிருந்து கடலோடு கடலாக மிதந்து வந்தார்கள், கூழைக்கடாக்கள் மேலே வட்டம் போட்டன, கங்காருக்கள் தூரத்தில் நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பவும் மேயக் குனிந்தன. அவள் கல்லைக் கடந்தாள், முள்ளுப் புல்லைக் கடந்தாள், மரங்களின் வரிசையைக் கண்டதும் வடக்கால் திரும்பினாள், கடல் ஒரு சொட்டு வேரில் சிந்தாமல் அவளோடு திரும்பியது. வெயில் ஏறியது, கால் கொப்பளித்தது, நா ஒட்டியது. அவள் நிற்கவில்லை. நின்றால் கடல் அந்த இடத்தில் தேங்கி நிலத்தைக் கெடுத்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஜொவிற்றா பக்கத்தில் நடந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு, போத்தலை நீட்டியபடி கேட்டாள்.

"அம்மா, உது ஏன் உங்களுக்குப் பின்னாலை வருது?"

பிலோமினா தண்ணீரைக் குடித்தாள். எப்போதும் போல, வாயை மூடு பிள்ளை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அவளுக்கு இருந்த மூச்சு முழுவதும் நடக்கவே வேண்டியிருந்தது, மறைக்கிறதற்கு மிச்சமில்லை.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தவள். எமில்டா. எங்களோடைதான் படகிலை வந்தவள். நடுக்கடலிலை காய்ச்சல் வந்து செத்துப்போனாள்." அவள் போத்தலை மகளிடம் திருப்பிக் கொடுத்தாள். "ஆம்பிளையள் சீலையிலை சுத்தி இறக்கினவை. நீ வயித்திலை. பிள்ளைத்தாச்சி பாக்கக்கூடாதெண்டு பொம்பிளையள் என்ரை முகத்தைப் பலகையோடை அமத்திப் பிடிச்சிட்டினம். எந்தப் பக்கத்தாலை இறக்கினவை எண்டுகூட எனக்குத் தெரியாது. எந்தக் கடலிலை காலை வைச்சாலும் அவளிலை மிதிக்கிற மாதிரி இருக்கும்."

ஜொவிற்றா போத்தலை மற்றக் கைக்கு மாற்றிவிட்டுத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள், ஏரி வரும்வரை விடவில்லை.

ஏரி வெள்ளையாகக் கிடந்தது, கண் கூசுகிற வெள்ளை, மறுகரை தெரியாத அகலம். ஆர்லீனுடைய பெரியம்மாமார் இருவர் முன்னமே வந்து, ஒரு லேண்ட் குரூசர் வண்டியின் கதவுகளைத் திறந்துவிட்டு நிழலில் இருந்தார்கள். பிலோமினா சரிவில் இறங்கி உப்பில் கால் வைத்து, நடுவை நோக்கிக் கொஞ்சத் தூரம் போய், முதல் தடவையாக நின்றாள். திரும்பினாள். கடல் அவளைச் சுற்றி வழிந்து இறங்கியது, கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, இவ்வளவு நாளும் ஒரு முற்றத்துக்குள் ஒடுங்கிக் கிடந்த தண்ணீர் அந்த ஏரி முழுவதும் காலை நீட்டிப் படுத்தது.

பிலோமினா கடலை ஏசிப் பேசினாள். அவளுடைய தகப்பனின் கரையில் வலை அறுந்தால் பெண்கள் பேசுகிற பேச்சு, எழுத முடியாத பேச்சு, இத்தனை வருடமும் அவள் வாயில் வராத பேச்சு. தமிழ் தெரியாத டாக்கர்ஸ் வெல் ஆண்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள். சவிரிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். தொண்டை வற்றும்வரை பேசிவிட்டு, அவள் குரலை இறக்கினாள்.

"அவளை நீ தரமாட்டாய். எனக்குத் தெரியும். நான் கேக்கவுமில்லை. ஆனால் அவளுக்கு ஓரிடம் வேணும். உலகம் முழுக்க அவள் கிடக்க ஏலாது. இதுதான் இடம். இஞ்சை இரு. நான் வருசாவருசம் வருவன். நான்தான் வருவன், நீ வரக்கூடாது. விளங்குதோ?"

அலை ஒன்று வந்து அவளுடைய விலாவில் மோதிவிட்டுப் போனது. அவள் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்து, சிலுவை அடையாளம் போட்டு, கரைக்கு நடந்தாள். தண்ணீர் அவளுடைய இடுப்பைவிட்டு இறங்கியது, முழங்காலைவிட்டு இறங்கியது, பாதத்தைவிட்டு இறங்கியது. அவள் உலர்ந்த மண்ணில் ஏறினாள், பத்தடி நடந்தாள், பிறகும் நடந்தாள். கடல் ஏரியிலேயே கிடந்தது.

பெரியம்மாமார் ஆர்லீனிடம் ஏதோ கேட்டார்கள்.

"இங்கே ஒருவரை விட்டுவிட்டுப் போகிறாய் என்று அவர்களுக்குத் தெரிகிறது," என்றாள் ஆர்லீன். "அவள் யாருடைய மகள், இங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள்."

பிலோமினா நீர் சொட்டச் சொட்ட அவர்களுக்கு முன்னால் நின்று, தன் தாயின் பெயரைச் சொன்னாள், தகப்பனின் பெயரைச் சொன்னாள், கரையின் பெயரைச் சொன்னாள். நான் அவளுக்கு அக்கா, இவர் அத்தான் என்றாள். பிறகு ஜொவிற்றாவின் தோளில் கையை வைத்தாள்.

"இவளுக்குச் சித்தி."

அந்தச் சொல்லை ஜொவிற்றா வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். இருவரில் மூத்தவர் ஏரியையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு வசனம் சொன்னார்.

"வந்து பார்க்கச் சொந்தக்காரர் இருக்கிறார்கள், அப்படியென்றால் இருக்கட்டும் என்கிறார்," என்றாள் ஆர்லீன். "ஆனால் வரும்போது முதலில் எங்களிடம் சொல்லிவிட்டு வரவேண்டும்."

"சொல்லிப்போட்டுத்தான் வருவம்," என்றாள் பிலோமினா தமிழில், அது ஆர்லீனுக்கு விளங்கியது.

சாமான் வந்து சில்லு பூட்டியதும், திரும்பி வீட்டுக்குப் போவோம் என்றுதான் சவிரிமுத்து நினைத்தான். பிலோமினா வரைபடத்தை மடியில் விரித்து, வைத்த விரலை எடுக்காமல், நேரே போங்கோ என்றாள். போனார்கள். எந்தக் கரையிலிருந்து அளந்தாலும் கடலுக்கு ஆகத் தூரமான அந்த இடத்தில் ஒரு அடையாளமும் இருக்கவில்லை, செம்மண்ணும் முள்ளுப் புல்லும் காற்றும்தான். பொழுது படுமுன்னமே சாப்பிட்டுவிட்டு, கூடாரம் அடிக்கிற நேரத்துக்கும் பொறுக்காமல், பிலோமினா பாயை வெறும் நிலத்தில் விரித்து, ஒரு காதை மண்ணில் வைத்துச் சரிந்தாள்.

விடிந்தது, அவள் எழும்பவில்லை. சூரியன் ஏறி முகத்தில் அடித்தபோதும் எழும்பவில்லை. சவிரிமுத்து பதறிப்போய்க் குனிந்து மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தான், பிறகு மகளைப் பார்த்துத் தலையாட்டினான். இருவரும் சத்தம் போடாமல் தறப்பாளை எடுத்து, ஆளுக்கொரு பக்கமாக விரித்துத் தூக்கிப் பிடித்து, அவளுக்கு மேலே நிழல் செய்தார்கள். சூரியன் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள், காலைக்குக் கிழக்கே நின்றவர்கள் மத்தியானத்துக்குத் தலைக்கு மேலே பிடித்தார்கள், பின்னேரத்துக்கு மேற்கே வந்தார்கள், கை உளைந்தபோது மாற்றிப் பிடித்தார்கள். பிலோமினா வாயைத் திறந்தபடி, மெல்லக் குறட்டை விட்டபடி நித்திரை கொண்டாள்.